‘அல்லவா’வும் ஆங்கில ஒட்டுவினாவும்

ஆங்கிலத்தில் ஒரு கூற்றைச் சொல்லி, அதன் ஈற்றிற் சிறு வினாவொன்றை ஒட்டிக் கேட்பவரின் இசைவை வேண்டுதல் பெருவழக்கு. இதனை ஈண்டு ஒட்டுவினா என்போம். நம்மவர் பலர் நாவில் இது ‘இஸன்ட் இட்’ என்னும் ஒரே உருவாய் அமைந்துவிடுகின்றது. ‘தே வென்ட் ஹோம், இஸன்ட் இட்?’ என்பர், ‘டிடன்ட் தே?’ என்பதே ஆங்கில நெறி.

காரணம் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதின்று. அவன் வந்தான் அல்லவா, அவர்கள் போவார்கள் அல்லவா என இக்காலத் தமிழில் ‘அல்லவா’ யாண்டும் திரியாது நிற்கும். பிரெஞ்சு மொழியின் ‘நெஸ் பா’வும் அத்தன்மையதே. ஆங்கிலமோ எழுவாய்க்கேற்ற பிரதிப்பெயரையும் பயனிலையிலுள்ள துணைவினையையும் மீட்டுங் கூறுவிக்கும். துணைவினை இல்லாவிடின் ‘டூ, டஸ், டிட்’ என்பவற்றுள் ஏற்றதொன்று வரும். கூற்று உடன்பாடாயின் வினா பெரும்பாலும் எதிர்மறை, எதிர்மறையாயின் உடன்பாடு. ‘நெவர்’, ‘ஹார்ட்லி’ என்பன வருங் கூற்றும் எதிர்மறையே. ‘ஐ ஆம்’ என்பதற்கு ‘ஆரன்ட் ஐ’ என வருவது விதிக்கு அடங்காத குறும்பு; மனனஞ் செய்வதே வழி.

ஆயினும் இவ்வியைபு தமிழுக்கு முற்றும் புதிதன்று. ‘அல்ல’ என்பது பழைய இலக்கணப்படி பலவின்பாற்கே உரியது. அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல என்பனவே முறை. ஆகவே பெயர்ப்பயனிலை வருமிடத்து, ‘நீ மாணவன் அல்லையோ?’, ‘அவள் ஆசிரியை அல்லளோ?’ என வினவின், ஈற்றுவினா எழுவாயின் பாலையும் இடத்தையும் தழுவியே நிற்கும். நன்னூல் பயின்றார்க்கு ‘ஆரன்ட் யூ’வும் ‘இஸன்ட் ஷீ’யும் அயலாகத் தோன்ற வேண்டுவதில்லை.

வினாவின் இறுதியிற் குரல் ஏறின், வினவுபவர் மெய்யாகவே ஐயுறுகின்றார். தாழின், தாம் அறிந்ததற்கு இசைவையே வேண்டுகின்றார்.

எல்லாவற்றினும் விழிப்பு வேண்டுவது விடையிலே. ‘யூ டிட் நாட் ஸைன் திஸ், டிட் யூ?’ என்று நியாயஸ்தலத்தில் ஒரு சாட்சியை வினவுவதாகக் கொள்வோம். கையொப்பமிடாத அவர், தமிழ் வழக்கை ஒட்டி, ‘ஆம், இடவில்லை’ என்னுங் கருத்தில் ‘யெஸ்’ என்கின்றார். நாம் வினவினவர் கூற்றுக்கு உடன்படுகின்றோம். ஆங்கிலேயர் செயலையே நோக்குவர். செயல் நிகழ்ந்ததாயின் ‘யெஸ்’, நிகழாததாயின் ‘நோ’. ஆங்கில வழக்கொன்றே அறிந்தவர் அச்சாட்சி கையொப்பமிட்டதாகவே கொள்வர். ‘நோ, ஐ டிட் நாட்’ என்று முற்றக் கூறியிருப்பின் ஐயத்திற்கு இடமிராது.