ஜெபிச்சுக்கிறேன்னு சொன்னியே, தங்கச்சி!

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நம் சபைகளில் நிறைய வாக்குகள் கொடுக்கப்படுகின்றன. "செவ்வாய்க்கிழமை ஸ்கேன் எடுக்கப் போறேன், ஜெபத்துல வச்சுக்கோங்க" என்று ஒருத்தி வந்து கையைப் பிடிப்பாள். "கண்டிப்பாம்மா" என்று நீயும் மனசாரத்தான் சொல்வாய். வீட்டுக்கு வந்தால் சமையல், பிள்ளைகளின் யூனிபார்ம், திங்கட்கிழமை அவசரம். செவ்வாய் வரும், போகும். அடுத்த ஞாயிறு அதே வாசலில் அவள், "உங்க ஜெபந்தான், ரிப்போர்ட் நல்லபடியா வந்திருச்சு" என்று கண்கலங்கிச் சொல்லும்போது நீ என்ன பதில் சொல்வாய்?

இந்தச் சங்கடம் நம்மில் அநேகருக்குத் தெரியும். இதை விசுவாசக் குறைவு என்று எண்ணி உள்ளுக்குள் குமைய வேண்டாம். "எல்லாருக்கும் மறக்கிறதுதானே" என்று தள்ளிவிடவும் வேண்டாம். ஆதியாகமம் 40ல் யோசேப்பு சிறைச்சாலையில் பானபாத்திரக்காரரின் தலைவனிடம் கேட்டது ஒரே ஒரு உதவி: பார்வோனிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல். அவனிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக வேதம் சொல்லவில்லை. மறந்துபோனான், அவ்வளவுதான். பார்வோன் சொப்பனம் காண்பதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. மறந்தவன் அரண்மனையில் இருந்தான், மறக்கப்பட்டவன் சிறையில் இருந்தான். நம் மறதிக்கு விலை கொடுப்பது பெரும்பாலும் நாம் இல்லை. அதனால்தான் இதைச் சின்ன விஷயம் என்று அக்காவால் விட முடியவில்லை.

மனுஷர் மறப்பார்கள் என்பது கர்த்தருக்குத் தெரியும். எண்ணாகமம் 15ஐ எடுத்துப் பார். கற்பனைகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று வாயால் சொல்லி அனுப்பிவிடவில்லை. வஸ்திரத்தின் ஓரத்தில் தொங்கல் வைத்து, அதில் இளநீல நாடா கட்டச் சொன்னார், பார்க்கும்போதெல்லாம் நினைவு வரும்படி. யோர்தானைக் கடந்ததும் ஆற்றின் நடுவிலிருந்து 12 கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டச் சொன்னதும் அதற்காகத்தான். செங்கடலையும் மன்னாவையும் கண்ட ஜனங்களுக்கே கண்ணுக்கு முன்னால் ஒரு அடையாளம் தேவைப்பட்டது என்றால், உனக்கும் எனக்கும் நோட்டும் அலாரமும் தேவைப்படுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

முதல் காரியம்: யாராவது ஜெபிக்கச் சொன்னால், அந்த இடத்திலேயே ஜெபித்துவிடு. கையைப் பிடித்தவளின் கையை விடாமல், "இப்பவே ரெண்டு வார்த்தை ஜெபிக்கலாமா?" என்று கேள். அரை நிமிஷம் போதும். பேரையும் விஷயத்தையும் சொல்லி, கண்ணை மூடியோ திறந்தோ ஜெபி. அப்படிச் செய்தால் செவ்வாய்க்கிழமை ஒருவேளை மறந்தாலும் உன் வார்த்தை பொய்யாகாது. இன்னொன்றும் நடக்கும்: வாய்விட்டு ஜெபித்த விஷயம், "சரிம்மா" என்று கேட்டுக்கொண்ட விஷயத்தைவிட மனதில் ஆழமாகத் தங்கும். வாட்ஸ்அப் ஜெபக்குழுவிலும் இதுதான். அங்கே கைகூப்பின படத்தைத் தட்டிவிடுவது சுலபம், முப்பது பேர் தட்டியிருப்பார்கள், எத்தனை பேர் ஜெபித்தார்கள் என்பது கர்த்தருக்குத்தான் தெரியும். முதலில் ஜெபி, பிறகு படத்தை அனுப்பு. முடிந்தால் ஜெபத்தையே வாய்ஸ் மெசேஜாக அனுப்பு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவர் அதை ராத்திரி திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார்.

அடுத்தது நோட்டு. பைபிளுக்குள் அடங்குகிற மாதிரி சின்னதாக ஒன்று வாங்கிக்கொள். நிறையப் பேர் ஜெபக் குறிப்பு எழுதுகிறார்கள், ஆனால் "சகோதரிக்காக, சுகத்துக்காக" என்று எழுதி வைக்கிறார்கள். ஒரு மாசம் கழித்துப் பார்த்தால் எந்தச் சகோதரி, என்ன சுகம் என்றே தெரியாது. நான்கு விஷயம் எழுது: பேர், காரியம், அது நடக்கிற தேதி, நீ அவர்களைத் திரும்ப விசாரிக்கப் போகிற தேதி. கடைசியில் சொன்னதைத்தான் முக்கியமாகப் பிடித்துக்கொள். புதன்கிழமை காலையில், "நேத்து ஸ்கேன் எப்படிம்மா ஆச்சு?" என்று நீ போன் செய்தால், அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதல். பிரிஸ்டல் நகரத்தில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர் தன் ஜெபங்களையும் பதில்களையும் எழுதி வைத்து வந்தவர். ஜெபவீரர் என்று உலகமே சொல்லுகிற அவருக்கே பேனா தேவைப்பட்டது.

தினமும் செய்ய வேண்டிய வாக்குகளுக்கு நோட்டு மட்டும் போதாது. அதற்கு நம் பாட்டிமார் வைத்திருந்த வழி பிடியரிசி. உலை வைக்க அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள், அது ஆலயத்துக்கு. மிசோரம் சபைகளில் 1910ல் தொடங்கிய இதே பழக்கம் இன்றும் நடக்கிறது. வேளாவேளைக்குப் பெண்கள் எடுத்து வைக்கிற அரிசியைச் சபை சேகரித்து விற்று, அந்தப் பணத்தை ஊழியத்துக்குச் செலவிடுகிறது. இதில் இருக்கிற சூட்சுமத்தைக் கவனி. "மாசக் கடைசியில் காணிக்கை கொடுக்கணும்" என்று யாரும் தலையில் சுமக்கவில்லை. சோறு பொங்காத நாள் இல்லை, அதனால் காணிக்கை மறந்த நாளும் இல்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் ஆராய்ச்சியாளர் 1999ல் எழுதிய பிரபலமான கட்டுரையும் இதைத்தான் சொல்கிறது: "செய்வேன்" என்று மட்டும் தீர்மானிப்பதைவிட, "இன்ன நேரத்தில், இன்னது நடந்ததும், இதைச் செய்வேன்" என்று தீர்மானிப்பவர்கள் அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள்.

ஆகவே "இந்த வருஷம் மாமியாருக்காகத் தினமும் ஜெபிப்பேன்" என்று ஆண்டவரிடம் சொல்லியிருந்தால், அதை ஏதாவது ஒரு வேலையோடு முடிந்து வை. பால் பொங்குவதற்குக் காத்து நிற்கிற நேரம் மாமியாருக்கு. பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கிற தூரம் பிள்ளையின் டீச்சருக்கு. டிசம்பர் 31 ராத்திரி கண்ணீரோடு எடுத்த தீர்மானங்கள் பொங்கலுக்குள் காணாமல் போவது நம் கண்ணீர் பொய் என்பதால் இல்லை. அவற்றுக்கு நேரமும் இடமும் குறிக்காமல் விட்டதால்தான்.

பண விஷயத்தைச் சற்று நிறுத்திப் பேச வேண்டும். அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்திருப்பாய். ஒரு வாழைத்தார், ஒரு சேவல், ஒரு பூசணிக்காய். மைக்கில் பேர் கூப்பிடக் கூப்பிட உற்சாகம் ஏறும், கடைவிலையைப்போல ஐந்து மடங்குக்குக் கேட்டுவிடுவோம். ஆண்டவருக்குத்தானே என்ற சந்தோஷம் நிஜமானது. ஆனால் பண்டிகை முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் கணக்கு எழுதுகிறவரின் நோட்டில் சில பேருக்கு நேராகத் தொகை இருக்கும், வரவு இருக்காது. கேட்கவும் அவருக்குக் கூச்சம். கட்டட நிதிக்கு எழுதிக் கொடுத்தது, கன்வென்ஷனில் கை உயர்த்தி ஒரு மிஷனெரியைத் தாங்குவதாகச் சொன்னது எல்லாம் இந்த வகைதான்.

இதுவும் புதுசில்லை. எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்கு உதவி செய்வதாகக் கொரிந்து சபையார் சொல்லி ஒரு வருஷமாகியும் காரியம் முடியவில்லை. பவுல் என்ன செய்தார்? கோபித்துக்கொள்ளவில்லை. தீத்துவையும் கூட இரண்டு சகோதரரையும் முன்கூட்டியே அனுப்பி, தான் வருவதற்குள் ஆயத்தப்படுத்தச் சொன்னார். அதற்கு முன்பே வழியும் சொல்லிக் கொடுத்திருந்தார்: வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கதாகக் கொஞ்சம் எடுத்து வையுங்கள், நான் வந்த பிறகு வசூல் வேண்டாம். அதையே செய். பொருத்தனைக் கவரை அலமாரிக்குள் போடாதே, சம்பளம் வந்ததும் கை போகிற டப்பாவில் வை. பெரிய தொகையை மாசத்துக்கு இவ்வளவு என்று பிரித்துக் கவரின் மேலேயே எழுது. வங்கியில் தானாகப் போகும்படி வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. சேகரத்தில் கணக்குப் பார்க்கிறவர் ஞாபகப்படுத்தினால் முகம் சுளிக்காதே. அவர் உனக்குத் தீத்து.

வாக்குகளைக் குறைத்துக்கொள் என்றும் சொல்வேன். பிரசங்கி 5ஆம் அதிகாரம் இதில் கறாராகவே பேசுகிறது: நேர்ந்துகொண்டு செய்யாமல் இருப்பதைவிட, நேராமல் இருப்பதே மேல். வி.பி.எஸ்.ஸுக்கு வகுப்பு எடுக்கிறேன், பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பலகாரம் செய்கிறேன், பாடகர் குழுவுக்கு வருகிறேன் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற தங்கை ஒருத்தி ஒவ்வொரு சபையிலும் இருக்கிறாள். நல்ல மனசுக்காரி. ஆனால் மே மாசம் பத்துப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து டீச்சர் வருவாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். "வீட்டில் கேட்டு நாளைக்குச் சொல்றேன்" என்பது மரியாதைக் குறைவான பதில் இல்லை. அன்னாள் பொருத்தனை பண்ணியதை அப்படியே நிறைவேற்றியவள். சாமுவேல் பால் மறந்ததும் கொண்டுபோய் விடுவேன் என்று எல்க்கானாவிடம் சொன்னாள், அவனும் சம்மதித்து அதற்கு ஆமென் சொல்வதுபோலப் பேசினான். வீட்டில் ஒருவருக்குத் தெரிந்த வாக்கு ஞாபகத்தில் நிற்கும். அதுவும் குடும்பப் பணத்தையும் நேரத்தையும் தொடுகிற வாக்கு என்றால், புருஷனுக்குத் தெரியாமல் கொடுக்கவே கொடுக்காதே. வீட்டில் பிறகு வருகிற சண்டை காணிக்கையின் சந்தோஷத்தையே கெடுத்துவிடும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். யோனத்தானின் வீட்டாருக்குத் தயவு செய்வதாகத் தாவீது அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். யோனத்தான் யுத்தத்தில் செத்தபோது அவன் மகன் மேவிபோசேத்துக்கு ஐந்து வயசு. தாவீது அவனைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது அவனுக்கே ஒரு சிறு மகன் இருந்தான். அத்தனை வருஷம்! வாக்கு வாங்கினவன் உயிரோடு இல்லை, கேட்க யாருமில்லை, ஊருக்கும் தெரியாது. ராஜாவே வாய் திறந்து, சவுலின் வீட்டில் யாராவது மீதியாயிருக்கிறார்களா என்று விசாரித்தான். லோதேபாரில் இருந்த, இரண்டு காலும் முடமான அந்த வாலிபனைத் தன் பந்தியில் உட்கார வைத்தான்.

நமக்கும் இப்படிக் கேட்பாரில்லாத வாக்குகள் இருக்கின்றன. அம்மா கடைசியாக, "தம்பியை விட்டுடாதே" என்று கையைப் பிடித்துச் சொன்னது. ஒரு தோழிக்கு, "உன் பிள்ளைகளை என் பிள்ளை மாதிரி பார்த்துக்குவேன்" என்று சொன்னது. இன்னும் ஒன்று, நாம் அடியோடு மறந்துபோனது: ஞானத்தாய் ஞானத்தகப்பனாக நின்றது. ஞானஸ்நானத் தொட்டியின் பக்கத்தில், சபை முழுவதும் எழுந்து நிற்க, ஐயர் கேட்ட கேள்விகளுக்கு நீ பதில் சொன்னாய். அந்தக் குழந்தையைக் கர்த்தருக்குள் வளர்க்கத் துணை நிற்பேன் என்று சொன்னாய். போட்டோ எடுத்தார்கள், கேக் வெட்டினார்கள். இன்று அந்தப் பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறது? அதன் ஞானஸ்நான தேதியைப் போன் காலண்டரில் வருஷா வருஷம் வருகிற மாதிரி போட்டு வை. அன்றைக்குக் கூப்பிட்டுப் பேசு. பத்து வயசில் ஒரு பைபிள் வாங்கிக் கொடு, திடப்படுத்தல் வகுப்புக்குப் போகிற வருஷம் ஒரு நாள் கூட உட்கார்ந்து பேசு. வருஷத்துக்கு ஒருமுறையாவது, லெந்து நாட்கள் அதற்கு நல்ல சமயம், பழைய வாக்குகளை ஒரு தாளில் எழுதிப் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

எழுதிப் பார்க்கும்போது மறந்தது தெரிய வந்தால்? லேவியராகமம் 5ல் இதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது. பதறிப்போய் ஆணையிட்டு, பிறகு அது மனதை விட்டே போய், ஒரு நாள் தெரிய வருகிறவன் என்ன செய்ய வேண்டும்? இன்ன காரியத்தில் தப்பு செய்தேன் என்று குறிப்பிட்டு அறிக்கை பண்ண வேண்டும். பொதுவாக "மன்னியும் ஆண்டவரே" என்பது போதாது. ஆண்டவரிடம் சொன்ன பிறகு அந்த மனுஷியிடமும் போ. "வேலை ஜாஸ்தி, பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று நீட்டாதே. "உனக்காக ஜெபிக்கிறேன்னு சொன்னேன், மறந்துட்டேன். மன்னிச்சுக்கோ. இப்ப சேர்ந்து ஜெபிக்கலாமா?" இவ்வளவு போதும். காணிக்கை பாக்கி என்றால் தொகையையும் கொடுத்து முடிக்கிற தேதியையும் சேர்த்துச் சொல். நிஜமாகவே முடியாத வாக்கு என்றால் ஒளிந்து திரியாதே. நீதிமொழிகள் 6, அயலானுக்காக வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டவனை அன்றைக்குத் தூங்கப் போகும் முன்னே நேரில் போய், தாழ்ந்து கேட்டு, விடுவித்துக்கொள்ளச் சொல்கிறது.

சரீரத்தையும் பார்க்க வேண்டும். முன்பு இல்லாத மறதி கொஞ்ச நாளாக இருக்கிறது, பேர்கள் வாயில் வர மறுக்கின்றன, அடுப்பை அணைத்தோமா என்றே தெரியவில்லை என்றால் அதை ஜெபக் குறைவு என்று யாரும் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்காதே. தைராய்டு குறைந்தாலும், பி12 வைட்டமின் குறைந்தாலும், தூக்கம் கெட்டாலும், மனச்சோர்வு இருந்தாலும் மறதி வரும். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே சிலது தெரிந்துவிடும். டாக்டரிடம் போ. சபையில் வயசான அத்தை ஒருவர் சொன்னதையே சொல்லி, கொடுத்த வாக்கை மறந்துபோனால், அவர்மேல் வருத்தப்படாதே. அவருடைய ஞாபகமாக நீ இரு.

இன்றைக்கு ராத்திரி படுக்கப் போகும் முன், போன வாரம் உன்னிடம் ஜெபிக்கச் சொன்னவர்களில் ஒருவர் பேரை எடுத்து ஜெபித்துவிடு, தங்கச்சி. காலையில் எழுந்ததும் அவருக்கு ஒரு போன் போடு.