மலிவு விலைக் கேமராவில் முகம் தெரியுமா?

கோடம்பாக்கம் என்றதும் கேமரா நினைவுக்கு வருவது இயல்பு. 1948-இல் ஏவி.எம். ஸ்டுடியோ காரைக்குடியிலிருந்து இப்பகுதிக்கு வந்தது. இன்றோ இங்குள்ள அடுக்கு மாடிக் குடியிருப்புகளின் வாசல்களில் சிறு கேமராக்கள் தொங்குகின்றன. இவை சாட்சி சொல்வதற்காக வைக்கப்பட்டவை.

அச்சாட்சியின் தேவையை ஒரு துயர நிகழ்ச்சி உணர்த்திற்று. 2016 ஜூன் 24 காலை, கோடம்பாக்கத்துக்கு அடுத்த நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் கொலையுண்டார். நிலையத்தில் அன்று கண்காணிப்புக் கேமரா இல்லை. அருகிலிருந்த தெருக்களில் தனியார் வைத்திருந்த கேமராக்களின் பதிவுகளைப் போலீசார் நாட வேண்டியதாயிற்று. பின்னர் சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்னும் திட்டத்தில், குடியிருப்போரையும் வணிகர்களையும் கேமரா பொருத்துமாறு ஊக்குவித்தது.

சரி, குறைந்த செலவில் எதை வாங்குவது? கடைக்காரர் முதலில் சொல்வது மெகாபிக்சல் கணக்கு. நாம் முதலில் கேட்க வேண்டியது, "முகம் எவ்வளவு தூரம் வரை அடையாளம் தெரியும்?" என்பது.

2 மெகாபிக்சல் படம் என்றால் அகலவாட்டில் 1920 படப்புள்ளிகள், உயரவாட்டில் 1080. முன்பின் அறியாத ஒருவரை அடையாளம் காண, அவர் நிற்குமிடத்தில் மீட்டருக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது 2014-இல் வெளியான 62676-4 என்னும் பன்னாட்டுத் தரநிலையின் அளவு. 16 செ.மீ. அகலமுள்ள முகத்துக்கு இது 40 புள்ளிகள். ஆகவே கேமரா காணும் காட்சி 1920 ÷ 250 = 7.7 மீட்டர் அகலத்துக்கு மேல் விரியக்கூடாது.

காட்சியின் அகலத்தை ஒத்த முக்கோணங்களால் அறியலாம். காட்சி அகலத்துக்கும் தூரத்துக்கும் உள்ள விகிதமே, சென்சாரின் அகலத்துக்கும் லென்சின் குவிய தூரத்துக்கும் உள்ள விகிதம். சென்சாரின் அகலம் 5.4 மி.மீ., குவிய தூரம் 3.6 மி.மீ. எனக் கொள்வோம். காட்சி அகலம் தூரத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஆகும். எனவே முகம் தெரிவது சுமார் 5 மீட்டர் வரைதான்! 2.8 மி.மீ. லென்ஸ் தெருவையே வளைத்துக் காட்டும். ஆனால் 4 மீட்டருக்கு அப்பால் வருபவர் யாரோ ஒருவர்தான். 6 மி.மீ. லென்சில் இத்தூரம் எட்டரை மீட்டர். தொலைவிலிருந்தே 'குளோசப்' எடுக்கத் திரைப்பட ஒளிப்பதிவாளர் நீண்ட குவிய தூர லென்சை மாட்டுவதும் இக்காரணத்தால்தான்.

இனி, 8 மெகாபிக்சல் வாங்கினால்? புள்ளிகள் நான்கு மடங்கு. அகலவாட்டில் இரு மடங்கே. முகம் தெரியும் தூரமும் இரு மடங்கே கூடும். சென்சாரின் பரப்பு மாறாவிடில் ஒவ்வொரு புள்ளிக்கும் கிட்டும் ஒளி கால் பங்காகிவிடும். இருட்டில் படம் பொரிப்பொரியாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். என்னைக் கேட்டால், வீட்டு வாசலுக்குப் பொருத்தமான லென்சுடன் கூடிய 2 மெகாபிக்சல் கேமராவே போதும் என்பேன்.

இரவில் இக்கேமராக்கள் 850 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை வீசுகின்றன. நம் கண் இதை மங்கிய சிவப்பாகவே காணும். சிலிக்கான் சென்சாரோ நன்கு உணரும். படம் கறுப்பு வெள்ளையில் வருவது இதனால்தான். எதிர்விகித இருமடி விதியை இங்கே கண்கூடாகக் காணலாம். லென்சுக்கு 10 செ.மீ. முன்னால் சிலந்தி கட்டிய வலையின் மீது, 5 மீட்டரில் நிற்கும் திருடன் மீது விழுவதைப் போல் 2500 மடங்கு செறிவுள்ள ஒளி விழும். வலை பளிச்சிட, திருடன் மறைந்துபோவான். மாதம் ஒருமுறை ஒட்டடைக்குச்சி எடுப்பதற்குச் செலவேதும் இல்லை.

பதிவு எத்தனை நாள் நிற்கும் என்பதையும் கணக்கிடுங்கள். கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால், ஒரு நாளின் 86,400 நொடிகளில் 21.6 ஜிகாபைட் சேரும். நான்கு கேமராக்களுக்கு 1000 ஜிகாபைட் வட்டு பதினொன்றரை நாளில் நிரம்பிவிடும். பின்பு பழைய பதிவின்மேல் புதியது எழுதப்படும். ஊருக்குப் போய்ப் பதினைந்து நாள் கழித்துத் திரும்புபவருக்கு இது போதாது.

வாங்கியவுடன் கடவுச்சொல்லை மாற்றுவது அவசியம். 2016-இல் 'மிராய்' என்னும் தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத ஏராளமான கேமராக்களைக் கைப்பற்றி இணையத்தைத் தாக்கிற்று.

பயிற்சி: கேமராவிலிருந்து வெளிவாசல் 11 மீட்டர் தூரத்தில் உள்ளது. மேற்கண்ட சென்சாருடன் 2 மெகாபிக்சல் கேமராவில் அங்கு வருபவர் முகம் தெரிய 3.6, 6, 8 மி.மீ. லென்சுகளுள் எது வேண்டும்? (விடை: 8 மி.மீ.)