யாரை எடுக்கலாம்? தேக்கா மேசையில் கற்ற பாடங்கள்

2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. ஜெட்டாவில் ஐபிஎல் ஏலம் தொடங்கியபோது இந்தியாவில் மாலை மூன்றரை, சிங்கப்பூரில் ஆறு மணி. ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தேக்காவில் கால் வைக்க இடம் இருக்காது. வாரம் முழுக்க வேலைத்தளத்தில் கிடந்தவர்கள் எல்லாம் சிராங்கூன் சாலைக்கு வந்துவிடுவார்கள். நாங்கள் ஆறு பேர் தேக்கா நிலையத்தில் ஒரு மேசையைப் பிடித்து, தே தாரிக் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரே கைப்பேசியை எல்லோருக்கும் தெரியும்படி சாய்த்து வைத்திருந்தோம். ஆறு பேரும் சிஎஸ்கே (சென்னை சூப்பர் கிங்ஸ்) ரசிகர்கள். ஆனால் யாரை எடுக்க வேண்டும் என்பதில் ஆறு கட்சி.

இந்த வாதம் எங்களுக்குப் பல வருடப் பழக்கம். ஏலம் நெருங்கும் மாதத்தில் குடும்பம், சம்பளம், பெர்மிட் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இதைத்தான் பேசுவோம். கத்திப் பேசியே பல வருடம் போன பிறகுதான், ஒரு வீரரைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றிப் பேசவும் ஒரு முறை வேண்டும் என்று புரிந்தது. அப்படிக் கற்றவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஏலத்துக்கு முன்பே எழுதி வையுங்கள்

ஏலம் முடிந்த மறுநாள் எல்லோருமே "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள். யார் எதைச் சொன்னார்கள் என்பது யாருக்கும் நினைவிருக்காது. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஏலத்துக்கு முந்தைய ஞாயிறு ஒவ்வொருவரும் மூன்று பெயர், அதிகபட்ச விலை, ஒரு வரிக் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதச் சொன்னதும் பாதிப் பெயர்கள் தாமாகவே விழுந்துவிட்டன. "பிடிக்கும்" என்பதைத் தவிர வேறெதையும் எழுத முடியவில்லை என்றால், அந்தப் பெயரை விட்டுவிட வேண்டியதுதான்.

2. முதலில் காலி இடத்தைப் பாருங்கள், பிறகு பெயரை

2022 டிசம்பரில் கொச்சி ஏலம். பென் ஸ்டோக்ஸை 16.25 கோடிக்குச் சிஎஸ்கே எடுத்தபோது எங்கள் மேசை துள்ளியது. அதே நாள் அஜிங்கிய ரஹானேவை 50 லட்சத்துக்கு எடுத்தார்கள். அதை யாரும் பேசக்கூட இல்லை. 2023 சீசனில் ஸ்டோக்ஸ் ஆடியது இரண்டே ஆட்டம். ரஹானே 326 ரன், அதுவும் அவரிடம் யாரும் எதிர்பார்க்காத வேகத்தில். அந்த வருடம் கோப்பை நமக்கு.

ஸ்டோக்ஸுக்குக் காயம் வரும் என்று யாரும் சொல்லியிருக்க முடியாது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பவர்பிளேயில் பயமில்லாமல் அடிக்க ஓர் இந்திய ஆட்டக்காரர் நமக்குத் தேவை என்று நாங்கள் ஒருவர்கூட எழுதவில்லை. பெரிய பெயர்களைத் தேடிக்கொண்டிருந்ததில் காலியாக இருந்த இடம் கண்ணில் படவே இல்லை.

3. பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்

ஜெட்டா ஏலத்தில் ஓர் அணிக்கு மொத்தம் 120 கோடி. சிஎஸ்கே ஐந்து பேரைத் தக்கவைத்தது: ருதுராஜ் 18, ஜடேஜா 18, பதிரனா 13, துபே 12, தோனி 4. கூட்டினால் 65. மிச்சம் 55 கோடி. இந்தக் கணக்கை அட்டையில் எழுதி மேசை நடுவில் வைத்தேன்.

ரிஷப் பந்த் பெயர் வந்ததும் எங்களில் இரண்டு பேர் "விடக் கூடாது" என்றார்கள். அவர் லக்னோவுக்கு 27 கோடிக்குப் போனார். 55-ல் 27 போனால் மிச்சம் 28. அதில் பந்துவீச்சு முழுவதையும் கட்ட வேண்டும். அட்டையைக் காட்டியதும் பேச்சு அடங்கியது. பிறகு சிஎஸ்கே நூர் அகமதை 10 கோடிக்கும் அஸ்வினை 9.75 கோடிக்கும் எடுத்தது. அணி 2025-ல் கடைசி இடத்துக்குப் போனபோதும் நூர் 24 விக்கெட் எடுத்தார்.

எல்லா விளையாட்டிலும் இப்படி இல்லை: வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் ஏலமே கிடையாது. இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும், பின்தங்கிய அணிக்கே முதல் ஆளை எடுக்கும் வாய்ப்பு அதிகம். நம் ஆட்டத்தில் கடைசி இடத்துக்கு அப்படிச் சலுகை எதுவும் இல்லை. பர்ஸில் இருப்பதுதான் பலம். அதனால் நம் ஊர் ரசிகர் கூட்டல் கழித்தல் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

4. பக்கத்து மைதானத்தைக் கவனியுங்கள்

இது எனக்கு மனதில் தைத்த பாடம். 2019 செப்டம்பர் 29, ஞாயிறு. தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய பாலஸ்டியர் இந்தியர் சங்கத் திடலில் சிங்கப்பூர் அணி ஜிம்பாப்வேயை 4 ரன்னில் வென்றது. அந்த அணியில் டிம் டேவிட் ஆடினார். சிங்கப்பூரில் பிறந்தவர். அவர் அப்பாவும் சிங்கப்பூருக்காக ஆடியவர். வேலியோரம் நின்று பார்த்த எங்களுக்கு, இவர் அடித்தால் பந்து எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியும்.

ஆனாலும் என் நோட்டில் அவர் பெயர் இல்லை. "சிங்கப்பூர்க்காரரை யார் ஐபிஎல்லில் எடுக்கப்போகிறார்கள்?" என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். 2021-ல் பெங்களூரு அணி மாற்று வீரராக அவரை அழைத்தது. 2022 பிப்ரவரி ஏலத்தில் 40 லட்சம் அடிப்படை விலையில் வந்தவரை மும்பை 8.25 கோடிக்கு எடுத்தது. உலகம் பார்ப்பதற்கு முன்னால் கண்ணெதிரே பார்த்தவர்கள் நாங்கள். கண்ணால் கண்டதை நம்பாமல், ஊர் பேசும் பெயர்களை நம்பியதுதான் எங்கள் தவறு.

5. ஊர்ப்பாசம் இருக்கட்டும், ஆட்டத்தையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்

"சென்னை டீம்ல நம்ம பசங்க எங்கடா?" ஒவ்வொரு ஏலத்திலும் எங்கள் மேசையில் எழும் கேள்வி. நியாயமான கேள்வி. எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. சாய் சுதர்சனை 2022 ஏலத்தில் குஜராத் 20 லட்சத்துக்கு எடுத்தது. அடுத்த வருடம் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஏலத்தில் கோவை அவருக்குக் கொடுத்தது 21.6 லட்சம். 2025 ஐபிஎல்லில் 759 ரன் குவித்து ஆரஞ்சு தொப்பி அணிந்தார்.

ஆனால் ஏக்கத்தை மட்டும் வைத்து வாதாட முடியாது. எங்களில் டிஎன்பிஎல் ஆட்டங்களை உட்கார்ந்து பார்த்தவர் ஒரே ஒருவர். அவர் ஒருவர்தான் சாய் சுதர்சன் பந்தை எவ்வளவு தாமதமாக ஆடுகிறார் என்று சொன்னார். நாங்கள் சொன்னதெல்லாம் "நம்ம பையன்" என்பது மட்டும். அதன் பிறகு ஒரு விதி வைத்தோம்: ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் அவர் ஆடிய மூன்று ஆட்டத்தையாவது முழுசாகப் பார்த்திருக்க வேண்டும். துண்டு வீடியோ கணக்கில் வராது. அதில் அவுட்டான பந்து இருக்காது.

6. விலையை வைத்து ஆளை எடைபோடாதீர்கள்

20 லட்சத்தில் தொடங்கி 8.40 கோடிக்குப் போன இரண்டு பேர். 2018 டிசம்பரில் வருண் சக்கரவர்த்தியைப் பஞ்சாப் எடுத்தது. 2023 டிசம்பரில் சமீர் ரிஸ்வியைச் சிஎஸ்கே எடுத்தது.

வருண் 2019-ல் ஆடியது ஒரே ஆட்டம். பஞ்சாப் விட்டுவிட்டது. கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்து, ஓவர்களைக் கொடுத்து, பொறுத்திருந்தது. 2024-ல் 21 விக்கெட், அணிக்குக் கோப்பை. 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக ஐந்து விக்கெட்.

ரிஸ்வி சேப்பாக்கத்தில் தான் சந்தித்த முதல் பந்திலேயே ரஷித் கானைச் சிக்ஸருக்கு அனுப்பினார். ஆனால் சீசன் முடிந்தபோது எட்டு ஆட்டத்தில் 51 ரன்தான். "எட்டரைக் கோடி தண்டம்" என்று எங்கள் மேசையில் எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். அடுத்த வருடம் டெல்லிக்காக ஆடி, பஞ்சாபுக்கு எதிராக 25 பந்தில் 58 அடித்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். ஆள் அதே ஆள்தான். கிடைத்த இடம்தான் வேறு.

7. "அந்தப் புள்ளைக்கு இங்க இடம் இருக்கா?"

இந்தக் கேள்வியை எனக்குக் கொடுத்தவர் எங்கள் மேசையின் மூத்தவர், மன்னார்குடிக்காரர். இருபது வருடத்துக்கு மேல் இங்கே கட்டுமான வேலை. மற்றவர்கள் எவ்வளவு கத்தினாலும் எந்த வீரரையும் அவர் தண்டம் என்றோ வேஸ்ட் என்றோ சொன்னதில்லை. ரிஸ்வி பேச்சு வந்த அன்று நான் கேட்டேன்: "ஏண்ணே, நீங்க மட்டும் யாரையும் திட்ட மாட்டேங்கிறீங்க?"

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நான் ஸ்கில் டெஸ்ட் எழுத நின்னேன்ல, அன்னைக்கு என்கூட நின்ன பாதிப் பேரு என்னைவிட நல்ல வேலைக்காரனுங்க. அவனுங்களுக்குக் கை நடுங்கிருச்சு, எனக்கு நடுங்கல. அவ்வளவுதான். இங்க வந்தப்புறமும் நல்ல மேஸ்திரிகிட்ட மாட்டுனவன் பொழைச்சான். நம்ம டீமுக்கு இவன் என்ன செய்வான்னு கேக்குறீங்க, சரி. இங்க வந்தா அந்தப் புள்ளைக்கு இடம் இருக்கான்னு யாராச்சும் கேட்டீங்களா?"

அதற்குப் பிறகு பழைய நோட்டைப் புரட்டினால் எல்லாம் வேறு மாதிரி தெரிந்தது. சிவம் துபே பெங்களூரு, ராஜஸ்தான் என்று அலைந்து 2022-ல் 4 கோடிக்கு நம் அணிக்கு வந்தார். நடு ஓவர்களில் ஸ்பின்னை அடிப்பதுதான் உன் வேலை என்று அவருக்கு ஒரு தெளிவான வேலையைச் சிஎஸ்கே கொடுத்தது. 2023-ல் 418 ரன், 35 சிக்ஸர். ரிஸ்விக்கு அப்படி ஒரு வேலை நம்மிடம் காலியாக இல்லை. எடுத்தது தவறா, எடுத்தபின் இடம் கொடுக்காதது தவறா என்று பிரித்துக் கேட்க அன்றுதான் கற்றேன்.

வீரர்களைச் "சரக்கு" என்று சொல்வதையும் எங்கள் மேசையில் அன்றோடு விட்டுவிட்டோம். ஏலத்தில் வருகிறவர்களில் சிலர் இருபது வயதுகூட ஆகாத பிள்ளைகள். விற்காமல் போகிறவர் வீட்டிலும் அந்த நேரம் டிவி ஓடிக்கொண்டிருக்கும்.

2025 டிசம்பர் 16, அபுதாபி ஏலம். செவ்வாய்க்கிழமை என்பதால் மேசை கிடையாது, ஆளுக்கொரு வேலைத்தளத்தில் இருந்தோம். ஜடேஜா ராஜஸ்தானுக்குப் போயிருந்தார். சிஎஸ்கே பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவரையும் தலா 14.20 கோடிக்கு எடுத்தது. இன்னும் சர்வதேச ஆட்டம் ஆடாத வீரர்களுக்கு ஏலத்தில் யாருமே அதுவரை கொடுக்காத விலை. எங்கள் கைப்பேசிக் குழுவில் வழக்கம்போல் கொதித்தார்கள். இரவு மன்னார்குடி அண்ணனிடமிருந்து குரல் செய்தி வந்தது: "வீர் இடதுகை ஸ்பின், அடிக்கவும் செய்வானாம். ஜடேஜா எடம் காலி. எடம் இருக்கு தம்பி. எழுதி வை."

எழுதினேன். இரண்டு பெயருக்கும் பக்கத்தில் விலையை எழுதவில்லை. "2028-ல் பார்க்க" என்று மட்டும் எழுதினேன்.