அஞ்சாவது ஆள்



"பௌத்தர்களோட மெத்தா தியானத்தை முருக பக்தர்கள் பண்ணலாமா?"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். தாராளமா பண்ணலாம். நான் ஒரு வருஷமா சஷ்டி கவசம் முடிச்சதும் பத்து நிமிஷம் உட்கார்றேன்.

மெத்தான்னா பாலி மொழியில நட்புணர்வு, அன்பு. 5-ம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் இதுக்கு ஒரு வரிசை சொல்லுது. முதல்ல நாம. அப்புறம் மதிக்கிற குரு, நெருங்கிய நண்பர், வேண்டியவரும் இல்லாத வேண்டாதவரும் இல்லாத ஒருத்தர். கடைசியிலதான் பகையாளி. ஒவ்வொருத்தரையும் மனசுல நிறுத்தி, நலமா இருக்கணும், துன்பமில்லாம இருக்கணும்னு நினைக்கணும்.

முதல் நாலு பேர் எனக்கு சுலபம். நாலாவது ஆளா கடலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரரை வெச்சுக்கிட்டேன். அஞ்சாவது, சிதம்பரத்துல இருக்கற என் அண்ணன். வீட்டுப் பங்கு விஷயத்துல பேச்சு நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. முகத்தை நினைச்சாலே அன்னிக்கு அவர் சொன்ன வார்த்தைதான் காதுல கேட்கும். நம்ம ஐடி பாஷையில சொன்னா, தினமும் அதே வரியில கிராஷ்.

இதுக்கும் நூல்ல வழி இருக்கு. கோபம் வந்தா முந்தின ஆட்கள்கிட்ட திரும்பிப் போய் மறுபடி ஆரம்பிக்கணும். எதுக்குமே தணியலைன்னா, அந்த ஆளுக்கு ஒரு பொருளைக் கொடுக்கணுமாம்! படிச்சப்போ சிரிப்புதான் வந்தது. அப்புறம் வடலூர் ஞாபகம் வந்தது. தணிகை முருகனை வழிபட்டு வளர்ந்த வள்ளலார் கருணையை மனசோட நிறுத்திக்கல. 1867-ல் தருமச்சாலை தொடங்கி சோறு போட்டார், அந்த அடுப்பு இன்னும் எரியுது. நம்ம முருகனும் சூரனை மயிலாவும் சேவலாவும் பக்கத்துலயே வெச்சுக்கிட்டவர்தானே.

போன ஆனி மாசம் ஒரு பண்ருட்டிப் பலாப்பழத்தோட சிதம்பரம் பஸ் ஏறினேன். முதல்ல நடராஜர் கோயில். பழத்தை செருப்பு விடுற இடத்துல கெஞ்சி வெச்சுட்டு, பாண்டிய நாயகம் சந்நிதிக்குப் போய் ஆறுமுகனைக் கும்பிட்டேன். ரொம்ப நேரம் மயிலைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.

வீட்டுல அண்ணிதான் கதவைத் திறந்தாங்க. அண்ணன் பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதையா பஸ்ல தூக்கிட்டு வந்த?"ன்னார். கத்தியில எண்ணெய் தடவிக்கிட்டு வெட்ட உட்கார்ந்துட்டார்.

வீட்டுப் பங்கு பத்தி இன்னும் பேசலை. சில நாள் இப்பவும் கிராஷ் ஆகுது. அப்போ டீக்கடைக்காரர்கிட்ட திரும்பிப் போயிடுவேன்.

வேலும் மயிலும் துணை.