கொல்கத்தா டவரில் மெஷ் ரேடியோ: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2020 மே 20 அன்று அம்பன் புயல் தாக்கிய பிறகு கொல்கத்தாவின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரமும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுக்கக்கூடியவை மெஷ்டாஸ்டிக் போன்ற மெஷ் ரேடியோக்கள். நோடுகள் எனப்படும் உள்ளங்கை அளவு கருவிகள் லோரா என்ற குறைந்த திறன் ரேடியோ முறையில் குறுஞ்செய்திகளை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி அனுப்பும். குன்றே இல்லாத ஊர் என்பதால் நோடு வைக்க எல்லோரும் செல் டவரைத்தான் பார்க்கிறார்கள்.

நம்பிக்கை: இவ்வளவு குறைந்த திறன் எங்கே எட்டப்போகிறது?

உண்மை: எட்டும். வேகத்தைக் குறைத்துத் தூரத்தைப் பெறுவது லோராவின் வழி. 40 மீட்டர் உயரத்தில் ரேடியோ அடிவானம் சுமார் 26 கி.மீ. சால்ட் லேக்கிலிருந்து பாரக்பூர் அதற்குள்தான். நடுவே நிற்கும் அடுக்குமாடிகள்தான் தடை.

நம்பிக்கை: டவர் கிடைத்துவிட்டால் போதும், உயரம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

உண்மை: அதிக ஏமாற்றம் தருவது இந்த எண்ணம்தான். இங்கே மெஷ்டாஸ்டிக் இயங்குவது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸில். அதே டவரில் 850 பேண்டில் 4ஜி தரும் ஆன்டெனா செல்போனுக்கு அனுப்பும் அலைவரிசை 869-இல் தொடங்குகிறது. சில மீட்டர் தள்ளி, இரண்டே மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அது பல வாட் திறனில் இரவும் பகலும் ஒலிபரப்பினால், நம் நோடின் மலிவான ரிசீவர் செவிடாகிவிடும். நோடு பேசுவதை ஊரே கேட்கும். ஊர் பேசுவது நோடுக்குக் கேட்காது. தொலைவில் இருப்பவரின் திரையில் நோடு பளிச்சென்று தெரியும், அவர் அனுப்பும் செய்தி மட்டும் போய்ச் சேராது. புயல் நாளில் இது ஆபத்து. இவ்வளவு நெருக்கத்தைப் பிரிக்க நல்ல கேவிட்டி ஃபில்டர் வேண்டும். அதன் விலை நோடைவிடப் பல மடங்கு. நெரிசலான செல் டவரைவிடப் பத்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியே மேல் என்பேன். முதலில் இரண்டு இடத்திலும் இரைச்சல் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நோடைக் கீழே வைத்து ஆன்டெனாவை மட்டும் ஏற்றுவதும் உதவாது. 30 மீட்டர் ஆர்ஜி-58 கேபிளில் நூற்றில் மூன்று பங்கு திறன்கூட மேலே போய்ச் சேராது. சூரியத் தகடு, பேட்டரியோடு நோடும் மேலேயே இருக்க வேண்டும்.

நம்பிக்கை: உரிமம் வேண்டாத அலைவரிசை, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

உண்மை: விலக்கு அலைக்குத்தான், அதுவும் 1 வாட் திறனுக்குள். டவருக்கு உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும், ஏறுவதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். பங்குனி தொடங்கி வைகாசி வரை காலபைசாகி என்னும் இடிமழைப் புயல் மின்னலோடு வரும் ஊர் இது. ஆன்டெனா அடியில் மின்னல் காப்பான் பொருத்தி, அதை டவரின் எர்த்தோடு இணைத்த பிறகே நோடை இயக்க வேண்டும்.