முதல் நாய்: சின்னதாக இருந்தால் மட்டும் போதுமா?



குடும்பநலம் என்றதும் பிரசவம், தடுப்பூசி, பிள்ளைகளுக்கிடையே இடைவெளி ஆகியவைதான் நினைவுக்கு வரும். நாய்க்கும் குடும்பநலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. குழந்தையோடு விளையாடி, உங்கள் வாசலிலேயே படுத்துறங்கப் போகும் ஒரு ஜீவனைத் தேர்ந்தெடுப்பது குடும்பம் முழுவதையும் தொடும் முடிவாகும். யோசித்துச் செய்தால் வீட்டுக்குக் காவலும் பிள்ளைகளுக்குத் தோழமையும் கிடைக்கும். யோசிக்காமல் செய்தால் நாய்க்கும் கஷ்டம், வீட்டுக்கும் கஷ்டம். சில சமயம் உயிருக்கே ஆபத்து.

இதுவரை நாயே வளர்க்காதவர்கள் பலர், "சின்ன ஜாதி நாயா வாங்கிட்டா தொல்லையில்ல" என்று நினைக்கிறார்கள். உருவம் சின்னது என்பதால் மட்டும் ஒரு நாய் உங்கள் வீட்டுக்குப் பொருந்திவிடாது. உங்கள் ஊர் வெயில், உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் வயது, நாயைக் கவனிக்கக் கூடிய கைகள் ஆகிய மூன்றுக்கும் எது பொருந்துகிறதோ அதுவே உங்களுக்கு ஏற்ற நாய்.

முதலில் வீட்டைப் பாருங்கள்

கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு தம்பதியர் வந்து கேட்டால் பேச்சு இப்படித்தான் போகும்:

கணவன்: நர்சம்மா, டவுன்ல ஒருத்தர் வெள்ளைக் குட்டி ஒண்ணு தர்றேங்கிறார். பஞ்சு மாதிரி இருக்கு. வாங்கலாமா?

செவிலியர்: வாங்கறது இருக்கட்டும். வீட்ல யார் யார் இருக்கீங்க?

மனைவி: நாங்க ரெண்டு பேரு, எங்க அத்தை, மூணு வயசுப் பையன். இப்ப எனக்கு நாலு மாசம்.

செவிலியர்: பகல்ல வீட்ல யாரு?

மனைவி: அத்தை மட்டுந்தான். அவங்களுக்கு முழங்கால் வலி, குனிய முடியாது.

செவிலியர்: அப்ப குட்டிக்குச் சோறு வைக்கிறது, மூத்திரம் துடைக்கிறது, முடி சீவுறது எல்லாம் யாரு?

மனைவி: வேற யாரு, நான்தான். இவரு தூக்கி வெச்சுக் கொஞ்சுவாரு.

செவிலியர்: கேட்டுக்கிட்டீங்களா தம்பி? பிள்ளைக்கும் பிள்ளைக்கும் மூணு வருஷம் இடைவெளி விடுங்கன்னு ஏன் சொல்றோம்? தாய்க்கு உடம்பு தேறணும், மூத்த பிள்ளைக்குக் கவனிப்பு கிடைக்கணும். அதே கணக்குதான் இதுக்கும். பிரசவமும் நாய்க்குட்டியும் ஒரே வருஷத்துல வேண்டாம்.

கணவன்: அப்ப கர்ப்பிணி இருக்கற வீட்ல நாயே இருக்கக் கூடாதா?

செவிலியர்: அப்படிச் சொல்லல. ஊசி போட்டு, பூச்சி மருந்து குடுத்து வளக்கிற நாய் ஏற்கெனவே இருந்தா அதை விரட்ட வேண்டியதில்ல. புதுசாக் கொண்டு வர்றதுக்குத்தான் இது நேரமில்ல. கைக்குழந்தை கொஞ்சம் வளரட்டும். அப்ப வாங்கினா, பாதி வேலை உங்களுதுன்னு இப்பவே சொல்லிட்டுப் போங்க.

சின்ன நாய் 12 முதல் 15 வருஷம் வரை உயிர் வாழக் கூடியது. இன்று பிறக்கும் குழந்தை பத்தாம் வகுப்புக்குப் போகும் காலம் வரை அது உங்கள் வீட்டில் இருக்கும். ஆகவே ஒரு நாள் ஆசையை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

எந்த ஜாதி எப்படி?

பொமரேனியன்: நம் ஊர்களில் இந்தப் பெயரில் விற்கப்படும் வெள்ளைக் குட்டிகளில் பல, உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற ஜாதி. இதில் சிறியது 5 முதல் 7 கிலோ வரை இருக்கும். பெரிய வகை அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வளரும். "சின்னது" என்று வாங்கியவர்கள் ஏமாறுவது இதனால்தான். தாய் நாயைப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். நம் தட்பவெப்பத்துக்கு ஓரளவு பழகிய ஜாதி. அரிசிச் சோற்றோடு முட்டை, மீன் சேர்த்துக் கொடுத்தாலும் வளரும். ஆனால் அதிகமாகக் குரைக்கும். முடியைத் தினமும் சீவ வேண்டும். தவறினால் உண்ணி அடைந்துகொள்ளும். வாலை இழுக்கும் சிறு பிள்ளையைச் சட்டென்று கவ்வவும் கூடும்.

பக்: 2003ஆம் ஆண்டு வாக்கில் வந்த ஒரு தொலைபேசி விளம்பரத்துக்குப் பிறகு இந்தச் சப்பை மூக்கு நாய் வீடுதோறும் தெரிந்த முகமாகிவிட்டது. குணம் நல்லது, பிள்ளைகளோடு ஒத்துப் போகும். ஆனால் நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக் கொள்ள வேண்டும். மூக்கும் மூச்சுக்குழலும் குறுகிய நாய்க்கு அது முடிவதில்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் பக் நாயை விட்டால் உயிருக்கே ஆபத்து. கிராமத்து வீட்டுக்கு இது ஏற்றதல்ல.

டாஷ்ஹண்ட்: குட்டைக் கால், நீள உடம்பு. வளைக்குள் புகுந்து வேட்டையாட ஜெர்மனியில் உருவாக்கிய ஜாதி. குட்டை முடி உள்ளது நம் வெயிலுக்குப் பரவாயில்லை. ஆனால் மண்ணைத் தோண்டும், கோழியைத் துரத்தும். திண்ணையிலிருந்தும் கட்டிலிலிருந்தும் அடிக்கடி குதித்தால் முதுகெலும்பு பாதித்துப் பின்னங்கால்கள் விழுந்துவிடலாம்.

ஷி சூ, லாசா அப்சோ: குளிர்ப் பிரதேசமான திபெத்தைச் சேர்ந்தவை. நீள முடி. சீவுவதற்கும் கத்தரிப்பதற்கும் செலவும் நேரமும் உள்ளவர்களுக்கே ஆகும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை: நம் மண்ணின் பெருமைக்குரிய ஜாதிகள். ஆனால் இவை வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை, சின்ன நாய்கள் அல்ல. நன்றாக ஓட இடமும், பழக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். முதல் நாயாக வேண்டாம்.

நாட்டு நாய்: "இது ஒரு ஜாதியா?" என்று ஏளனம் செய்யாதீர்கள். குட்டை முடி, வெயில் தாங்கும் உடம்பு, வீட்டுச் சாப்பாட்டை ஏற்கும் வயிறு, காவல் புத்தி எல்லாம் உண்டு. பக், பொமரேனியனைவிட உருவில் பெரியதுதான். ஆயினும் பெட்டை நாய் பெரும்பாலும் ஆணைவிடச் சிறுத்திருக்கும். விலையும் இல்லை.

ஆகவே வாசலும் சிறு முற்றமும் உள்ள வீட்டுக்கு நாட்டுப் பெட்டைக் குட்டியே முதல் நாயாக நல்ல தேர்வு. மிகச் சிறியதாகத்தான் வேண்டும் என்பவர்கள், 5 வயதுக்குக் கீழ் பிள்ளை இல்லாமல், தினம் கால் மணி நேரம் முடி சீவ ஆள் இருந்தால் சிறிய ஸ்பிட்ஸை எடுத்துக்கொள்ளலாம்.

குட்டியைப் பார்த்து எடுப்பது எப்படி?

1. 8 வாரம் நிரம்பாத குட்டியை எடுக்காதீர்கள். அதற்கு முன் விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளும் கூறுகின்றன. தாய்ப்பாலும் கூடப் பிறந்த குட்டிகளோடு விளையாட்டும் கிடைக்காத குட்டி நோஞ்சானாகவும் பயந்ததாகவும் வளரும்.

2. தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாயின் உடல்நிலையும் குணமும் குட்டியைப் பற்றிப் பாதி சொல்லிவிடும்.

3. கண்ணில் பீளை, மூக்கில் சளி, பின்புறத்தில் கழிச்சல் ஒட்டியிருத்தல் கூடாது. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடற்புழு இருக்கலாம்.

4. பின்னால் நின்று கை தட்டுங்கள். காது கேட்டால் திரும்பும். வெள்ளை நாய்களில் சில பிறவிச் செவிடாக இருப்பதுண்டு.

5. மூலையில் ஒடுங்கும் குட்டியும் வேண்டாம், மற்றவற்றைக் கடித்து விரட்டும் குட்டியும் வேண்டாம். தானாக அருகில் வந்து முகரும் குட்டியே நல்லது.

குட்டிக்கும் தடுப்பூசி அட்டை உண்டு

குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை வைத்திருக்கிறீர்கள் அல்லவா? அதன் பக்கத்திலேயே நாயின் அட்டையையும் வையுங்கள். குட்டியை வாங்கிய வாரமே கால்நடை மருந்தகத்துக்கு, அதாவது நம் மாட்டாஸ்பத்திரிக்கு, கொண்டு போங்கள். ரத்தக் கழிச்சல் முதலான நோய்களுக்கு 6 முதல் 8 வாரத்தில் ஊசி தொடங்குகிறது. வெறிநோய்க்கு 3 மாதம் நிரம்பியதும் முதல் ஊசி. பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி. அதன்பின் ஆண்டுதோறும் தவறாமல் ஓர் ஊசி. குடற்புழு மருந்தைக் குட்டிப் பருவத்தில் அடிக்கடியும், வளர்ந்தபின் 3 மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்க வேண்டும். நாயின் புழுமுட்டை மண்ணில் கலந்து, மண்ணில் விளையாடும் பிள்ளையின் வாய்க்குப் போகும். ஆகவே நாயின் மலத்தை அன்றன்றே அப்புறப்படுத்திப் புதைத்துவிடுங்கள்.

பெட்டை நாயைக் கண்டு பயப்பட வேண்டாம். சுமார் 63 நாள் சினை, ஒரு ஈற்றில் நான்கைந்து குட்டி என்று பெருகுவது உண்மைதான். அந்தக் குட்டிகள்தான் பிறகு சந்தைத் திடலில் விடப்பட்டு, ஊசி போடாத தெரு நாய்களாகின்றன. ஆறு மாதம் ஆனதும் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை அறுவை பற்றிக் கேளுங்கள். அளவான குடும்பம் என்பது நாய்க்கும் பொருந்தும்.

குழந்தையும் நாயும்

எவ்வளவு சாதுவான நாயானாலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தையை அதனுடன் தனியே விடக் கூடாது. தின்னும்போதும், தூங்கும்போதும், குட்டிக்குப் பால் கொடுக்கும்போதும் நாயைத் தொடக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். கடித்தாலோ கீறினாலோ உடனே வந்து சொல்ல வேண்டும் என்றும், சொன்னால் அடிக்க மாட்டோம் என்றும் உறுதி கொடுங்கள். சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுவோரில் 100க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அடிக்குப் பயந்து பிள்ளை மறைக்கும் சிறு கீறல் உயிரையே வாங்கிவிடலாம்.

கடித்துவிட்டால்

"குட்டி நாய்தானே, பல்லே சரியா முளைக்கலையே" என்று இருந்துவிடாதீர்கள். ஊசி போடாத குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். கடியால் மட்டுமல்ல; நகக் கீறலாலும், புண்ணில் எச்சில் படுவதாலும் நோய் பரவும். நோய்க்குறி தோன்றிவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக இயலாது. ஆனால் காலத்தில் முறையாகச் சிகிச்சை செய்தால் வராமல் தடுக்க முடியும்.

1. உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள்.

2. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள், எருக்கம்பால் எதையும் தடவாதீர்கள். கட்டும் போடாதீர்கள்.

3. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் போய்விட்டது. இப்போது பெரியவர்களுக்குக் கையில்தான் போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையில் அன்றைய தினம், 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. ஒரு நாளும் தவறக் கூடாது. ரத்தம் வந்த காயத்துக்குக் காயத்திலேயே வேறொரு மருந்தும் போட வேண்டியிருக்கும், கேட்டுப் பெறுங்கள்.

4. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்த ஊசியைத் தயங்காமல் போட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளைக்குக் கெடுதல் இல்லை.

5. கடித்த நாயைக் கொல்லாமல் 10 நாள் கவனியுங்கள். ஆனால் அந்த 10 நாளும் ஊசி போடாமல் காத்திருக்காதீர்கள்.

தம்பதிகள் சேர்ந்து பேச வேண்டிய கேள்விகள்

குட்டி வாங்கும் முன் இருவரும் ஒரு மாலை உட்கார்ந்து இவற்றுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்:

1. இந்த ஆண்டில் நம் வீட்டில் பிரசவம் உண்டா? கைக்குழந்தை உண்டா?

2. காலையும் மாலையும் நாயைக் கவனிப்பது யார்? மற்றவர் செய்யும் பங்கு என்ன?

3. கோடையில் அது படுக்க நிழலும், குடிக்கத் தண்ணீரும் எங்கே?

4. ஆண்டுதோறும் ஊசிக்குக் கொண்டு போவது யார் பொறுப்பு?

5. நாம் ஊருக்குப் போனால் அதற்குச் சோறு வைப்பது யார்?

ஐந்துக்கும் இருவரின் பதிலும் ஒத்துப் போனால் தாராளமாகக் குட்டியைக் கொண்டு வாருங்கள். ஒத்துப் போகாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி பேசிக்கொள்ளலாம், அவசரமில்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரையோ, கால்நடை மருத்துவரையோ கேளுங்கள்.