உத்தரவாதம் கேப்புக்குத்தான், பல்லுக்கு அல்ல

பல் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் பலரிடம் இப்போதெல்லாம் ஓர் அட்டையும் இருக்கிறது. ஜிர்கோனியா கேப் என்றால் 10 ஆண்டு, 15 ஆண்டு உத்தரவாதம் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அதை வாங்கிப் பத்திரப்படுத்தியதோடு, அந்தப் பல்லைப் பற்றி இனிக் கவலை இல்லை என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அட்டை பொதுவாக உறுதி சொல்வது கேப் செய்த பொருளைப் பற்றித்தான்: அது உடைந்தால் வேறு செய்து தருவார்கள். உள்ளே இருக்கும் பல் சொத்தையானாலோ, ஈறு நோயில் ஆடத் தொடங்கினாலோ, வேர் பிளந்தாலோ அதற்கு அட்டை பொறுப்பல்ல. ஆனால் கட்டிய பல் கைவிடும்போது காரணம் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. கேப், பிரிட்ஜ், இம்ப்ளான்ட் பற்றி நிலவும் தவறான எண்ணங்களில் பெரும்பாலானவை, மேலே போட்ட பொருளைப் பார்த்துக் கீழே தாங்குவதை மறந்துவிடுவதால் வருபவை.

“கேப் போட்ட பல் சொத்தையாகாது” என்பது அவற்றில் முதன்மையானது. பாதி உண்மை என்பதால்தான் இது இவ்வளவு உறுதியாக நிற்கிறது. செராமிக்கும் உலோகமும் சொத்தையாவதில்லை. ஆனால் கேப் பல்லை வேர் நுனி வரை மூடுவதில்லை. ஈறின் அருகே ஒரு விளிம்பில் முடிகிறது. அதற்குக் கீழே இருப்பது உங்கள் சொந்தப் பல். அந்த விளிம்பில் படியும் அழுக்கில் கிருமிகள் அமிலம் சுரக்க, சொத்தை அங்கிருந்து உள்ளே ஏறுகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வெளியான ஓர் ஆய்வறிக்கை, பக்கத்துப் பற்களைத் தூணாக்கிக் கட்டும் பிரிட்ஜுகளில் 10 ஆண்டுகளுக்குப் பிறகும் வாயில் இருப்பவை ஏறத்தாழ 89 சதவீதம் என்று கணக்கிட்டது. நல்ல எண்தான். அதே அறிக்கை, எந்தச் சிக்கலும் இல்லாமல் அந்தப் 10 ஆண்டுகளைக் கடந்தவை சுமார் 71 சதவீதம் மட்டுமே என்றும் சொல்கிறது. தூண் பற்களில் சொத்தை விழுவதும், அவற்றின் நரம்பு செத்துப்போவதும் அந்தச் சிக்கல்களில் முக்கியமானவை. இன்னொரு வில்லங்கமும் உண்டு. ரூட் கேனல் செய்த பல்லில் நரம்பு இல்லை. சொத்தை எவ்வளவு ஆழம் போனாலும் கூசாது, வலிக்காது. வலி இல்லை என்பதை நலம் என்று எண்ணிக்கொண்டிருப்பவருக்கு, ஒருநாள் கேப் பல்லின் மேல்பகுதியோடு சேர்ந்தே கையில் வந்துவிடும்.

“விலை கூடக் கூட ஆயுளும் கூடும்” என்ற கணக்கும் இதே இடத்தில்தான் இடறுகிறது. ஜிர்கோனியா உறுதியான பொருள் என்பதில் ஐயமில்லை. பழைய வகை ஜிர்கோனியாவின் வளைவு வலிமை சுமார் 1,000 மெகாபாஸ்கல். முன்பற்களுக்கு அதிகம் பயன்படும் லித்தியம் டைசிலிகேட் செராமிக்குக்கு 400 அளவில். பற்களை நறநறவென்று கடிக்கும் பழக்கம் உள்ளவருக்குக் கடைவாய்ப் பல்லில் இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதே. ஆனால் ஒரு கேப் நிலைப்பதை முதலில் தீர்மானிப்பது, ஈறுக்கு மேலே எவ்வளவு ஆரோக்கியமான பல் மிச்சம் இருக்கிறது என்பதுதான். சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்காவது நல்ல பல் இருந்து, அதைக் கேப் கவ்விப் பிடிக்க வேண்டும் என்பது பல் மருத்துவத்தின் பாலபாடம். உலக்கையின் நுனியில் போடும் இரும்புப் பூண் போலத்தான். நல்ல மரத்தைக் கவ்வினால் உலக்கை பிளக்காமல் காக்கும், உளுத்த மரத்தில் எந்தப் பூணும் நிற்காது. அந்த இரண்டு மில்லிமீட்டர் இல்லாத பல்லில் விலை உயர்ந்த ஜிர்கோனியாவைப் போடுவதைவிட, அது இருக்கும் பல்லில் சாதாரண உலோகக் கேப் போடுவது நீடிக்கும் என்பதே என் தீர்ப்பு. உலோகக் கேப் அழகில் தோற்றுவிட்டதே தவிர உழைப்பில் தோற்கவில்லை. மெல்லிய கனத்திலேயே தாங்கும் என்பதால் அதற்காகப் பல்லைச் செதுக்குவதும் குறைவு.

அப்படியானால் கேப்பே வேண்டாமா என்று கேட்கலாம். இல்லை, அப்படிச் சொன்னால் எதிர்ப்பக்கம் போய் விழுவோம். ரூட் கேனல் செய்த பற்களைப் பற்றி 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கேப் போடாத பற்கள், போட்டவற்றைப் போல ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டிருந்தன. கடைவாய்ப் பல்லில் மெல்லும் விசை அதிகம். ஏற்கெனவே குடையப்பட்ட பல் அதில் பிளந்துபோகும். “வலி நின்றுவிட்டது, கேப் என்பது மருத்துவர் பணம் பண்ணும் வழி” என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் பலர் அந்தப் பல்லையே இழக்கிறார்கள். ஆனால் அதே நியாயத்தை எல்லாப் பல்லுக்கும் நீட்டக் கூடாது. பெரிதும் சேதமில்லாத முன்பல்லுக்கு, ரூட் கேனல் செய்திருந்தாலும்கூட, பல நேரம் நல்ல ஃபில்லிங் போதும். காரணம், கேப் சும்மா மேலே ஏறி உட்காருவதில்லை. அதற்கு இடம் செய்யப் பல்லைச் சுற்றிலும் செதுக்க வேண்டும். முன்பற்களில் முழுக் கேப்புக்காக, வெளியே தெரியும் பல்லின் எடையில் 63 முதல் 72 சதவீதம் வரை போய்விடுகிறது என்று 2002இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். செதுக்கிய பல் மீண்டும் வளராது. சேதமடைந்த பல்லுக்கு இந்த விலை தகும். நிறம் மங்கியது, சற்றே கோணல் என்பதற்காக நல்ல பற்களின் வரிசையையே செதுக்கிக் கேப் மாட்டுவது தகாது.

பல்லே இல்லாத இடத்திலும் வாதம் மாறுவதில்லை. பிரிட்ஜுக்கு இரு பக்கமும் உள்ள பற்களைச் செதுக்க வேண்டும். அவை சொத்தையே படாத பற்களாக இருந்தால் இழப்பு பெரிது. எலும்பில் பதிக்கும் இம்ப்ளான்ட் அவற்றைத் தொடுவதில்லை. டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதை 1950களில் முயலின் எலும்பில் கவனித்தவர் ஸ்வீடன் நாட்டு பெர்-இங்வார் பிரோனெமார்க். 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். “உடம்பு அதை ஏற்காது” என்ற பயத்துக்கு அறுபது ஆண்டு அனுபவமே பதில். கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை நோயும் அதற்குத் தடையல்ல. கட்டுக்கடங்காத சர்க்கரையும் புகைப்பழக்கமும்தான் ஆபத்து. ஆனால் இங்கே புதிய மூடநம்பிக்கை ஒன்று முளைத்திருக்கிறது: “இம்ப்ளான்ட்தான் சொத்தையாகாதே, தொல்லை தரும் பல்லைப் பிடுங்கிவிட்டு அதைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.” சொத்தையாகாதுதான். ஆனால் அதைத் தாங்குவது உயிருள்ள எலும்பும் ஈறும். அழுக்குச் சேர்ந்தால் அங்கும் ஈறு வீங்கி, எலும்பு கரைந்து, இம்ப்ளான்ட் ஆடும். அழுக்கு சேரவிட்டுத் தன் பற்களை இழந்தவர் அதே பழக்கத்தோடு டைட்டானியத்துக்குப் போனால் கதை திரும்ப நடக்கும். காப்பாற்றக்கூடிய பல்லைக் காப்பாற்றுவதே முதல் வழி. இம்ப்ளான்ட் அதற்குப் பிறகு.

எல்லா இடைவெளியையும் அடைத்தே தீர வேண்டும் என்பதும் மிகைதான். பக்கத்துப் பல் சாயலாம், எதிர்ப் பல் இறங்கலாம்; எல்லோருக்கும் ஒரே அளவில் நடப்பதில்லை. கடைசிக் கடைவாய்ப் பற்கள் இல்லாமலே பலரால் நன்றாக மெல்ல முடிகிறது என்பதை நெதர்லாந்தின் ஆர்ண்ட் கெய்சர் 1980களிலேயே எடுத்துக்காட்டினார். இன்னொரு பயம், மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பது. மேல் பற்களுக்கு வரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பிடுங்குவதால் பார்வை போவதில்லை. இந்தப் பயத்தில் சிகிச்சையையே தள்ளிப்போட்டு, கேப் கவ்வப் பல் மிச்சமில்லாத நிலையில் வந்து நிற்பவர்கள் உண்டு.

ஆகவே, பல் கட்டப் போகிறவர் என்ன பிராண்ட் என்று கேட்பதற்கு முன், எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லி, ஈறுக்கு மேல் எவ்வளவு நல்ல பல் இருக்கிறது, எவ்வளவு செதுக்கப் போகிறீர்கள், குறைவாகச் செதுக்கும் வழி உண்டா என்று கேட்கட்டும். கட்டிய பிறகு பிரிட்ஜின் அடியிலும் பற்களின் இடுக்கிலும் தினமும் ஒருமுறை சிறிய இடைப்பல் பிரஷ்ஷை விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். மேலே தேய்க்கும் பிரஷ் அங்கே போகாது. வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சோதித்துக்கொள்ள வேண்டும். பிரிட்ஜின் ஒரு பக்கம் மட்டும் கழன்று லேசாக ஆடினால், மறுபக்கம் பிடித்திருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், கடையில் பசை வாங்கி ஒட்டவும் வேண்டாம். கழன்ற பக்கத்துப் பல் உள்ளுக்குள் வேகமாக அரிக்கப்படும். தாமதிக்காமல் மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் அந்தப் பல்லைக் காப்பாற்றிவிடலாம்.